மீண்டு வருதலும் மீட்டு விற்றலும்

கலைஞன் மீண்டு வருவது வேறு. கலைஞனின் பழம்புகழை மீட்டு விற்பது வேறு. முன்னது உயிருள்ள மனிதன் செய்வது. பின்னது வணிகம் செய்வது. இரண்டும் ஒரே பெயரில், ஒரே விளம்பரத்தின் கீழ் நிகழும்போது, மக்கள் அவற்றை ஒன்றெனவே கொண்டு கைதட்டுகின்றனர். கைதட்டுவது அவர்கள் உரிமை. ஆயின், ஒன்றுபோல் தோன்றும் இரண்டைப் பிரித்துக் காட்டுவது ஆசிரியர் கடமை. அக்கடமை பற்றியே இக்கட்டுரை எழுந்தது.

சான்றாக நான் எடுத்துக்கொள்வது சுவீடன் நாட்டு 'அபா' இசைக்குழுவை. தமிழ்க் கட்டுரைத் தொகுப்பில் மேலைநாட்டுப் பாப் பாடகர்க்கு என்ன வேலை என்று முகம் சுளிப்போர் உளர். அவர்கட்கு இரண்டு மறுமொழிகள் உண்டு. ஒன்று: நம் மாணவர் நாள்தோறும் கேட்கும் இசையைப் பற்றி வாய் திறவாத ஆசிரியர், அம்மாணவரின் சுவையைப் பண்படுத்தும் பொறுப்பைக் கைப்பேசிக்குத் தாரை வார்த்துவிடுகின்றார். மற்றொன்று: நம்மவர் பெயரைச் சொல்லித் தொடங்கினால் உடனே இரு கட்சியாகப் பிரிந்துவிடுவோம், நடுவுநிலையில் ஆராயத் தொலைவில் உள்ள சான்றே நன்று.

நாற்பதாண்டு மௌனம்

அக்னெத்தா, பியோர்ன், பென்னி, ஆனி-ஃபிரிட் என்னும் நால்வர் பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்ததே 'அபா' என்னும் பெயர். 1974 ஏப்ரல் 6-ஆம் நாள் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நடந்த யூரோவிசன் பாட்டுப் போட்டியில் 'வாட்டர்லூ' என்னும் பாடலால் வெற்றி பெற்று இவர்கள் உலகப் புகழ் எய்தினர். நால்வரும் இரண்டு இணையர். புகழ் ஓங்கிய காலத்திலேயே இரண்டு இல்லறங்களும் முறிந்தன. 1980-இல் வெளிவந்த 'தி வின்னர் டேக்ஸ் இட் ஆல்' என்னும் பிரிவுப் பாடலின் சொற்களை எழுதியவர் பியோர்ன்; பாடியவர் அவரை விட்டுப் பிரிந்த அக்னெத்தா. 1981 இறுதியில் 'தி விசிட்டர்ஸ்' என்னும் இசைத்தொகுப்பு வந்தது. 1982-ஆம் ஆண்டின் முடிவோடு நால்வரும் ஒரு குழுவாகச் செயற்படுவதை நிறுத்திக்கொண்டனர்.

பாடகர் ஓய்ந்தனர், பாடல்கள் ஓயவில்லை. 1992-இல் பழம்பாடல்களைத் திரட்டி வெளியிட்ட 'அபா கோல்டு' என்னும் தொகுப்பு, பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 1000 வாரங்கள் இடம்பெற்ற நிலையை 2021-இல் எட்டிற்று. பிரைட்டன் வெற்றிக்குச் சரியாக 25 ஆண்டுகள் கழித்து, 1999 ஏப்ரல் 6 அன்று, பழம்பாடல்களைக் கோத்துக் கதையாக்கிய 'மம்மா மியா' நாடகம் இலண்டனில் அரங்கேறியது. 2008-இல் அது திரைப்படமாயிற்று. நால்வரும் மேடையேறி நூறு நிகழ்ச்சிகள் நடத்தினால் நூறு கோடி அமெரிக்க வெள்ளி தரப்படும் என்று கேட்கப்பட்டதாகவும், அதை அவர்கள் மறுத்ததாகவும் 2000-ஆம் ஆண்டில் செய்திகள் வந்தன.

இவற்றை எல்லாம் நான் அடுக்குவது புகழ்பாடுவதற்கன்று. இவர்கள் மீண்டும் பாட வேண்டிய பொருள்முடை யாதும் இல்லை என்பதை நிறுவுதற்கே. பழைய பாட்டே சோறு போடும். பங்களாவும் கட்டித் தரும். அங்ஙனமிருந்தும் 2021 நவம்பர் 5 அன்று, 'வாயேஜ்' என்னும் பெயரில், பத்துப் பாடல்கள் கொண்ட புதிய இசைத்தொகுப்பை வெளியிட்டனர். அன்று பியோர்னுக்கு அகவை 76, ஆனி-ஃபிரிட்டுக்கு 75, பென்னிக்கு 74, அக்னெத்தாவுக்கு 71.

புதுமை இல்லையா?

தொகுப்பு வெளிவந்ததும் திறனாய்வாளர் சிலர் ஒரு குற்றச்சாட்டை வைத்தனர். நாற்பதாண்டில் இசையுலகம் எவ்வளவோ மாறிவிட்டது, இவர்களோ மாறவில்லை, இத்தொகுப்பில் புதுமை இல்லை என்பதே அது. இக்குற்றச்சாட்டை நான் மறுக்கிறேன்.

புதுமை என்பது யாது? இருபது வயது இளைஞர் இன்று பயன்படுத்தும் தாளத்தை எழுபது வயதினர் எடுத்து அணிந்துகொள்வதா? அங்ஙனம் செய்திருப்பின், பேரனின் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நிற்கும் தாத்தாவைப் போலன்றோ ஆகியிருக்கும்! அவர்கள் அதைச் செய்யவில்லை. தமக்குக் கைவந்த பண்ணமைப்பையே கையாண்டனர். அதனுள் தம் வயதை வைத்தனர். புதுமை அங்கேதான் இருக்கிறது.

'கீப் அன் ஐ ஆன் டேன்' என்னும் பாடலை நோக்குக. பிரிந்துபோன கணவனிடம் தம் பிள்ளையைச் சில நாளைக்கு ஒப்படைத்துவிட்டுத் திரும்பும் தாய் ஒருத்தியின் மனநிலை அதன் பொருள். 1980-இல் பிரிவின் வலியைப் பாடிய அதே குரல், அப்பிரிவுக்கு இடையில் நிற்கும் பிள்ளையைப் பற்றி 2021-இல் பாடுகிறது. 'ஐ கேன் பி தட் உமன்' என்னும் பாடலில், நெடுநாள் கசந்துபோன உறவில் இனியேனும் திருந்தி வாழலாம் என்று எண்ணும் பெண் பேசுகிறாள். 'டோன்ட் ஷட் மீ டவுன்' பாடலில், விட்டுப் பிரிந்து சென்றவள் மாறிய மனத்தோடு பழைய வாசலில் வந்து நிற்கிறாள். இப்பாடல்களை முப்பது வயதில் எழுதவியலாது. எழுதியிருப்பினும் நாம் நம்பியிருக்க மாட்டோம்.

குரலையும் கேட்க வேண்டும். அக்னெத்தாவின் குரல் முன்னாளில் ஏறிய உயரத்துக்கு இப்போது ஏறுவதில்லை. ஆனி-ஃபிரிட்டின் குரல் கனத்துத் தாழ்ந்திருக்கிறது. அதை அவர்கள் மறைக்கவில்லை. 'ஐ ஸ்டில் ஹேவ் ஃபெய்த் இன் யூ' என்னும் முதற்பாடலில் ஆனி-ஃபிரிட்டின் முதிர்ந்த குரலே முன்னிற்கிறது. அம்முதிர்ச்சி இல்லையேல் அப்பாட்டுக்குப் பொருளே இல்லை. நெடுங்கால நட்பின் உறுதியைப் பற்றிய பாட்டை நெடுங்காலம் வாழ்ந்தவரன்றோ பாட வேண்டும்!

தொகுப்பில் உள்ள பத்தும் முத்து என்று நான் கூறவில்லை. கிறிஸ்துமஸ் காலைப் பொழுதைப் பாடும் 'லிட்டில் திங்ஸ்' என்னும் பாடலில் இனிப்பு மிகுதி. குழந்தைகளின் குழுப்பாடல் வேறு சேர்ந்து அதைத் திகட்டச் செய்கிறது. 'பம்புள்பீ' பாடலின் நோக்கம் உயர்ந்தது. பாட்டு அவ்வுயரத்தை எட்டவில்லை. இருப்பினும் என்ன? வாழும் மனிதன் செய்யும் வேலையில் குறை இருக்கும். குறை காணவும் திருத்தவும் இடம் இருப்பதே அது உயிருள்ளது என்பதற்கு அடையாளம்.

இரண்டு காலம் கலந்த ஒரு பாட்டு

இத்தொகுப்பில் ஒரு பாட்டு மட்டும் தனித்து நிற்கிறது. 'ஜஸ்ட் எ நோஷன்' என்னும் அப்பாடல் 1978-இல் பதிவு செய்யப்பட்டு, அன்று வெளியிடாமல் விடப்பட்டது. அன்றைய குரலை அப்படியே வைத்துக்கொண்டு, கருவியிசையை மட்டும் புதிதாக வாசித்துச் சேர்த்திருக்கின்றனர். எனவே, 2021-ஆம் ஆண்டின் தொகுப்புக்குள் 1978-ஆம் ஆண்டின் குரல் ஒலிக்கிறது.

பாட்டு துள்ளலானது, கேட்க இனியது. ஆயினும் முன்னும் பின்னும் உள்ள பாடல்களோடு சேர்த்துக் கேட்பவர்க்கு ஒன்று விளங்கும். அக்குரலில் இளமை இருக்கிறது. அது சென்றுபோன இளமை. மற்றைய பாடல்களில் பாடுவோர் நம்மோடு பேசுகின்றனர்; இப்பாட்டில் பழைய ஒளிப்படம் ஒன்று நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது. எனினும், இது 1978-ஆம் ஆண்டின் குரல் என்பதைப் படைத்தவர்களே வெளிப்படையாகச் சொல்லிவிட்டனர். ஆகவே, இதில் வஞ்சனை இல்லை. வஞ்சனை இல்லாவிட்டாலும் இங்கே ஒரு வாசல் திறக்கிறது. குரலைப் பழமையில் நிறுத்தி, சுற்றியுள்ளதை மட்டும் புதுப்பிக்கும் வாசல் அது. அடுத்த ஆண்டு அவ்வாசல் வழியே ஓர் அரங்கமே எழுந்தது.

மூப்பில்லாத மேடை

2022 மே 27 அன்று, இலண்டனின் ஒலிம்பிக் பூங்காவில், 3000 பேர் கொள்ளும் தனி அரங்கில் 'அபா வாயேஜ்' என்னும் நிகழ்ச்சி தொடங்கியது. மேடையில் நால்வரும் இல்லை. கணினி வடித்த அவர்களின் உருவங்கள் இருந்தன. உருவங்கள் எழுபது வயதினரைக் காட்டவில்லை. 1979-ஆம் ஆண்டின் இளமைத் தோற்றத்தைக் காட்டின. இதற்காக நால்வரும் ஐந்து வாரங்கள் சிறப்பு உடை அணிந்து பாடி ஆடினர். 160 படப்பிடிப்புக் கருவிகள் அவர்களின் அசைவுகளைப் பதிந்தன. இளைய ஆட்டக்காரர்களும் அவர்களுக்கு மாற்றாக ஆடினர். ஒலிப்பது பழைய பதிவுகளின் குரல். பக்கத்தில் பத்துக் கலைஞர் கொண்ட இசைக்குழு மட்டும் உயிரோடு நின்று வாசித்தது.

இந்நிகழ்ச்சியைப் போற்றுவோர் கூறும் வாதங்கள் எளியன அல்ல. முதலாவது, நால்வரின் முழு இசைவோடும் உழைப்போடும் இது நடந்தது. இரண்டாவது, முதுமையில் ஊர் ஊராக அலைந்து பாடும் துன்பத்திலிருந்து அவர்களுக்கு இது விடுதலை தந்தது. மூன்றாவது, அரங்குக்குச் சென்றவர்கள் கண்ணீர் மல்கத் திரும்பினர். மூன்றும் உண்மை. மறுக்க வேண்டியதில்லை.

ஆயினும் கேட்கிறேன்: 2021-இல் தம் தாழ்ந்த குரலை உலகறியப் பாடிய பெண்கள், 2022-இல் தம் முகத்தை ஏன் மறைக்க வேண்டும்? முதிர்ந்த குரல் கேட்கத் தகுந்தது என்றால், முதிர்ந்த முகம் காணத் தகாததா? புதிய தொகுப்பின் பாடல்கள் இரண்டும் அம்மேடையில் ஒலித்தன. எழுபது வயதின் குரல் முப்பது வயதின் வாயிலிருந்து புறப்பட்டது! முதிர்ச்சியே பொருளான பாட்டை இளமை முகத்தில் ஒட்டவைத்தபோது, அப்பாட்டின் உயிர் எங்கே போயிற்று? இதுவே என் வழக்கின் மையம்.

கண்ணீர் மல்கிற்று என்பதும் விடையாகாது. கண்ணீர் யாருக்காக? மேடையில் நின்ற உருவுக்காக அன்று. கேட்பவர் தாம் இழந்த இளமைக்காக. அவ்விழப்பை மனிதன் உணர்வது நன்று. உணர்ந்து, ஏற்று, அடுத்த பருவத்துக்குச் செல்லத் துணைபுரிவதே கலை. இழக்கவே இல்லை என்று ஒன்றரை மணி நேரம் நம்பவைத்து அனுப்புவது மருந்தாகாது, மயக்கமே ஆகும்.

வணிகத்தின் கணக்கையும் மறத்தலாகாது. கணினி உருவுக்குத் தொண்டை கட்டாது, காய்ச்சல் வராது, ஒரே நாளில் இருமுறை மேடையேறினாலும் களைப்பு இல்லை, ஊதிய உயர்வு கேட்பதும் இல்லை. இத்தகைய ஊழியரைக் கண்ட முதலாளி விடுவாரா? 2023 டிசம்பரில் 'கிஸ்' என்னும் அமெரிக்க ராக் குழு நியூயார்க் நகரில் தன் இறுதி நிகழ்ச்சியை முடித்த அன்றே, கணினி உருவங்களாகத் தொடரப்போவதாக அறிவித்தது. விடைபெறுதல் என்னும் சொல்லுக்கும் இனிப் பொருள் இல்லை.

நம் வாசலிலும்

இஃது அயல்நாட்டார் விளையாட்டு, நமக்கென்ன என்று எண்ணுவோர் தம் கைப்பேசியைத் திறந்து பார்க்கலாம். 2024-இல் வெளிவந்த 'லால் சலாம்' படத்தின் பாடல் ஒன்றில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது ஆகியோரின் குரல்கள் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டன. குடும்பத்தாரிடம் இசைவு பெற்று உரிய தொகையும் வழங்கியதாக இசையமைப்பாளர் ஏ. ஆர். ரகுமான் விளக்கினார். அது முறையான செயல். அதில் குறை காண்பதற்கில்லை. அதே ஆண்டில் வந்த 'கோட்' படத்தில் மறைந்த பவதாரிணியின் குரல் அவ்வாறே ஒலித்தது.

அன்பினால் செய்தார்கள் என்பதை நான் ஐயுறவில்லை. ஆயினும் இலண்டன் மேடைக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே நால்வரும் உயிரோடு இருந்து, வேண்டும் வேண்டா என்று சொல்ல வல்லவராய் இருந்தனர். இறந்தவர் அவ்வாறு சொல்ல இயலாது. உறவினர் தரும் இசைவு உரிமைக்கு விடை, கலைக்கு விடையன்று. இப்பாட்டை நான் இப்படிப் பாடமாட்டேன் என்று மறுக்கும் ஆற்றல் எக்குரலுக்கு இல்லையோ, அக்குரல் பாடகனுடையது ஆகாது.

பழையதைப் புதுக்குவது பிழையா?

இவ்வளவும் சொன்னதால், பழைய பாடலை எவரும் தொடலாகாது என்பது என் கருத்தென்று கொள்ள வேண்டா. காலப்போக்கில் பழஞ்சொற்கள் மறைவதும் புதுச்சொற்கள் தோன்றுவதும் குற்றமாகா என்னும் கருத்தை நன்னூல் கற்ற நாம் அறிவோம். மேடைதோறும் இக்கருத்தை எடுத்துக்காட்டுவோர், எந்த ஒட்டுவேலைக்கும் அதனைச் சான்றுச் சீட்டாக நீட்டுகின்றனர். நன்னூலார் வகுத்தது பழையது போவதற்கும் புதியது வருவதற்கும் இடந்தரும் விதி. பழையது போகாமலே புதியதாக வேடமிட்டு நிற்பதற்கு அவர் விதி வகுக்கவில்லை.

பழைய மெட்டில் புதுப்பாட்டுக் கட்டுவதும் நம் மரபே. பாரதியார் தம் பாடல்கள் பலவற்றுக்கு அக்காலத்தில் மக்களிடையே வழங்கிய பாட்டுகளின் வர்ணமெட்டைக் குறித்துச் சென்றார். மெட்டு பழையது, சொல் அவருடையது, சினம் அவருடையது, காலம் அவருடைய காலம். இதுவே முறையான புதுக்கம். பழையதைத் தொடுகிறவர் தம் உயிர்க்குரலை அதில் வைக்கின்றாரா என்பதே கேள்வி. வைத்தால் அது மீண்டு வருதல். வைக்காவிட்டால் அது மீட்டு விற்றல்.

வகுப்பறைக்கு வருவோம்

ஆசிரியர்களே, இவ்வளவு தொலைவு உங்களை அழைத்து வந்ததற்குக் காரணம் உண்டு. இலண்டன் அரங்கை நாம் இடித்துரைப்பது எளிது. நம் பள்ளி ஆண்டு விழா மேடையை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். திரைப்பாடலின் ஒலிப்பதிவு முழங்குகிறது. பளபளக்கும் உடையில் பிள்ளைகள் வரிசையாக நிற்கின்றனர். கையில் ஒலிவாங்கி இருக்கிறது. அது வேலை செய்வதில்லை. வாயசைகிறது; குரல் வேறொருவருடையது. பெற்றோர் படம் பிடிக்கின்றனர். நிகழ்ச்சி பிழையின்றி முடிகிறது. ஆம், பிழையின்றித்தான்; ஏனெனில் பிழை செய்யவல்ல குரல் எதுவும் அங்கே ஒலிக்கவில்லை.

இலண்டனில் குரல் அவர்களுடையது, முகம் போலி. நம் மேடையில் முகம் பிள்ளைகளுடையது, குரல் இரவல். எது பெருங்குற்றம் என்று நீங்களே சொல்லுங்கள். எழுபது வயதில் குரலை மறைப்பவர்க்கேனும் பாடி முடித்த ஒரு வாழ்க்கை பின்னால் இருக்கிறது. பத்து வயதில் குரலை மறைக்கக் கற்றுக்கொடுத்தால், அப்பிள்ளை எப்போது பாடுவது? நம் தமிழ்ப்பள்ளியை விட்டால் அவனுடைய தமிழ்க் குரலைக் கேட்க இந்நாட்டில் வேறு மேடை எது?

சுருதி விலகும், தாளம் தவறும், லகர ளகர ழகரங்கள் தடுமாறும் என்பீர்கள். தவறட்டும். தவறிய இடத்தைத் திருத்தத்தானே நாம் பயிற்சி பெற்று வந்தோம்? ஒலிப்பதிவைத் திருத்த நாம் தேவையில்லை. சிறப்பு விருந்தினர் முன் பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று அஞ்சுவோரும் உளர். ஒரு பிள்ளை தன் குரலில் தட்டுத் தடுமாறிப் பாடுவதைக் கேட்டு ஒரு பள்ளியை இகழும் விருந்தினர் எவரோ, அவர் அடுத்த ஆண்டு வாராதிருப்பதே நலம்.

ஆதலின் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். பள்ளி விழா ஒவ்வொன்றிலும், ஒலிப்பதிவின் துணையின்றி மாணவர் தாமே பாடும் நிகழ்ச்சி ஒன்றேனும் இடம்பெற வேண்டும். பழம்பாடல் ஒன்றைக் கற்பிக்கும்போது, அதை எழுதியவர் யார், பாடியவர் யார், எந்த ஆண்டில் பிறந்தது என்பவற்றைச் சொல்லி, முதற்பதிவையே முதலில் கேட்கச் செய்ய வேண்டும். புதுக்கிய வடிவம் அதன் பின்னரே வரவேண்டும். மூன்றாவதாக, கேட்ட மெட்டிலேயே தம் ஊரையும் தம் வீட்டையும் பற்றி நான்கு அடி எழுத மாணவர்க்கு வாய்ப்பளிக்க வேண்டும். நான்கு அடியும் நொண்டலாம். ஆயினும் அவை அவர்கள் நடந்த நடை.

மாணவர்க்கும் ஒரு சொல். 'வாயேஜ்' தொகுப்பை ஒருமுறை கேளுங்கள். பின்னர் அதே குழுவின் 1970களின் பாடல்களைக் கேளுங்கள். எது இனிது என்று என்னிடம் சொல்ல வேண்டா. இளமையின் பாட்டே இனிது என்று பெரும்பாலோர் சொல்வீர்கள் என்பதை அறிவேன். இரண்டுக்கும் இடையே குரலில் என்ன மாறியிருக்கிறது, அம்மாற்றத்துக்குள் என்ன வாழ்க்கை நடந்திருக்கும் என்பதை எழுதிக் காட்டுங்கள். அதை எழுதத் தெரிந்தவர், உங்கள் பாட்டியின் தாலாட்டையும் இனி வேறு செவியோடு கேட்பார்.

எழுபதைக் கடந்த நால்வர், பொருள் தேவை ஏதுமின்றி, தேய்ந்த குரலோடு மீண்டும் ஒலிப்பதிவுக் கூடத்துள் நுழைந்தனர். அத்துணிவை நாம் போற்றுவோம். அவர்களின் இளமை முகத்தை வடித்து அரங்கில் நிறுத்திய தொழில்நுட்பத்தைக் கண்டு வியப்போர் வியக்கட்டும். நம் பணி வேறு. அடுத்த விழாவில் ஒலிப்பதிவை நிறுத்துவோம், பிள்ளைகள் பாடட்டும்.